ரயிலில் கொல்கத்தா போய்ச் சேர்ந்தபின் மூன்று நாள்: ஒரு குளிர்கால வழிகாட்டி

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் செல்பவர்கள் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டரைக் கடந்தாக வேண்டும். விரைவு வண்டியானாலும் ஒரு முழு நாளுக்கும் மேலாகப் பெட்டிக்குள்ளேயே கழியும். இறங்கிய பிறகும் சில மணி நேரத்துக்குக் காலடியில் தரை அசைவது போலவே இருக்கும். எனவே, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ அங்கே மூன்று நாள் தங்கத் திட்டமிடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இறங்கும் நாளில் எந்த இடத்தையும் பார்ப்பதாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான். முதல் முறை போனபோது நிலையத்திலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். குழந்தை தோளிலேயே உறங்கிவிட்டது, நாங்கள் பார்த்ததில் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டிய வாரங்களில் இடம் விரைவில் தீர்ந்துவிடுவதால், திரும்பும் பயணச்சீட்டையும் அதற்குரிய முதல் நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. உங்கள் வண்டி எந்த நிலையத்தில் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலர் இன்னும் ஹவுரா என்றே நினைத்திருக்கும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. ஹவுரா, ஷாலிமார், சாந்த்ராகாச்சி ஆகிய மூன்றுமே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பவை; நகரத்துக்குள் செல்ல ஆற்றைக் கடக்க வேண்டும். ஹவுராவில் இறங்குபவர்களுக்கு, 2024-இல் திறக்கப்பட்ட, ஆற்றின் அடியிலேயே செல்லும் மெட்ரோ இருக்கிறது. நகரின் மையமான எஸ்பிளனேடு சில நிமிடப் பயணம்தான். ஆனால் பெட்டிகள் அதிகமாகவும் பெரியவர்கள் உடனும் இருந்தால் வாடகைக் காரே மேல்.

குளிரைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. இரவில் 13, 14 டிகிரி வரை இறங்கும், பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு ஸ்வெட்டரும் ஒரு சால்வையும் போதும், ஊட்டிக்குக் கொண்டுபோகும் கனத்த கோட்டு வீண் சுமை. அந்த ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காமல் மேலாக வையுங்கள்; படுக்கை வசதிப் பெட்டியில் வருபவர்களுக்கு ஒடிசாவைத் தாண்டும்போதே அதிகாலைக் காற்று உறைக்கத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் இந்நகரின் காற்றில் புகையும் தூசியும் மிகுந்திருப்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசத்தையும் மருந்தையும் மறக்கக் கூடாது. விடுதியைப் பதிவு செய்யும்போது வெந்நீர் எந்நேரமும் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் ரயிலை விட்டு இறங்கியவருக்கு அதைவிட அவசியமான வசதி வேறில்லை. எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட் பகுதிகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பவை. நம் ஊர்ச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்னும் பெரியவர்கள் உடன் வந்தால், தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பக்கம் தங்கலாம். வாழையிலையும் கறிவேப்பிலையும் ஃபில்டர் காபித் தூளும் அங்கே கிடைக்கும், காளிகாட் மெட்ரோ நிலையமும் அருகில்தான்.

நேரத்தை வகுக்கும்போது சூரியனைக் கணக்கில் கொள்ளுங்கள். கொல்கத்தா நமக்கு வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கே ஹவுரா பாலத்தடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள்: பனிமூட்டத்தில் பாதி மறைந்த பாலம், அதன் கீழே ஆரஞ்சு நிறச் செண்டுமல்லிச் சரங்களைத் தோளில் சுமந்து செல்லும் ஆட்கள், மண்குவளையில் ஆவி பறக்கும் தேநீர். 1943-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் திருகாணிகள் இல்லாமல் தறையாணிகளாலேயே (ரிவெட்) இணைக்கப்பட்டது. அதன் முழு உருவத்தையும் பார்க்க வேண்டுமானால் ஹவுராவிலிருந்து சில ரூபாய்க் கட்டணத்தில் செல்லும் படகில் ஒருமுறை ஏறுங்கள். பிறகு விக்டோரியா நினைவகம், அதன் பக்கத்திலேயே புனித பவுல் பேராலயம், 1814-இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகம், இருட்டியதும் விளக்கு அலங்காரத்துடன் பார்க் ஸ்ட்ரீட் என்று ஒரே வட்டாரத்தில் முடித்துக்கொள்ளலாம். நினைவகக் காட்சிக்கூடமும் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும், அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு வியாழக்கிழமை விடுமுறை. கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறப்பதில்லை.

மூன்றாம் நாளை வடகொல்கத்தாவுக்கும் ‘நொலேன் குர்’ என்னும் ஈச்சம் புதுவெல்லத்துக்கும் கொடுங்கள். இந்த நகரத்துக்குக் குளிர்காலத்தில்தான் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கே இதுதான் காரணம். நமக்குப் பனையில் பதநீர் போல, வங்காளத்தில் ஈச்ச மரத்தைச் சீவி, இரவெல்லாம் கலயத்தில் சொட்டும் சாற்றை விடியுமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். இரவு குளிர்ந்தால்தான் சாறு தெளிவாகவும் புளிக்காமலும் இருக்கும் என்பதால் மற்ற மாதங்களில் இந்தப் புதுவெல்லம் கிடையாது. கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தால், 1844 முதல் சந்தேஷ் என்னும் பால்திரட்டு இனிப்புக்குப் பேர்போன நகுர் கடையை அடையலாம். அங்கே ஜொல்பரா என்னும் வகையைக் கேளுங்கள். வெளியே பால்திரட்டில் செய்த உறுதியான ஓடு, உள்ளே பாகு. கடித்ததும் புகைமணம் கலந்த வெல்லப் பாகு நாக்கில் இறங்கும். சிறு துண்டாகப் பிட்டு எடுக்காமல் வாய்க்கு அருகில் வைத்துக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாகு சட்டையில்தான் வழியும். ஜொய்நகர் மோவா என்னும் பொரியுருண்டையும் இதே வெல்லத்தில் பிடிப்பதுதான். வாங்கிய ஓரிரு நாளில் தின்றுவிட வேண்டும்.

வீட்டுக்கு வாங்கிச் செல்வதானால் பாகாக இருப்பதைத் தவிர்த்து, பாட்டாலி என்னும் அச்சுவெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள். பாகு ரயிலில் ஒழுகும், சென்னை வெப்பத்தில் நுரைத்துப் புளிக்கவும் செய்யும். நல்ல பாட்டாலி விரலால் அழுத்தினாலே விண்டு வரும். சர்க்கரை கலந்ததோ கல்லாக இறுகி, உடைத்த இடத்தில் பளபளக்கும். கடைக்காரரிடம் ஒரு துண்டைக் கேட்டு முகர்ந்து பார்க்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அதைப் புறப்படும் நாளன்று வாங்கி, காகிதத்தில் சுற்றி, கைப்பையில் வையுங்கள். வங்காளிகள் பௌஷ் சங்கராந்திக்குப் பிட்டே என்னும் அரிசிமாவுப் பலகாரம் செய்யும் நாளும் நம் பொங்கலும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால், ஜனவரி முதல் வாரத்தில் திரும்புபவர்கள் பொங்கல் பானையில் வெல்லத்தோடு ஒரு பங்கு பாட்டாலியையும் தட்டிப் போடலாம். அரிசி நன்றாகக் குழைந்து அடுப்பைத் தணித்த பிறகே சேர்க்க வேண்டும், கொதியில் நெடுநேரம் கிடந்தால் அந்த மணம் போய்விடும்.