நோய்த்தடுப்பில் நம்பிக்கைகளைத் தவறாகக் கணிக்கும் இடங்கள்

"எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேங்கறாங்க." சமூக சுகாதாரம் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வரி ஒருமுறையாவது காதில் விழும். அலுத்துப்போய்ச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் என்ன சொன்னோம், யார் போய்ச் சொன்னோம், கேட்டிருந்தாலும் அவர்களால் செய்ய முடிந்திருக்குமா என்ற கேள்வி எதுவும் அந்த வரியில் இல்லை. பழி முழுக்கக் கேட்காதவர் தலையில் விழுகிறது.

வாழ்க்கைமுறைக்கும் நம்பிக்கைக்கும் நோயில் பங்கு உண்டு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வழியாக என்று கேட்டால்தான் தடுமாற்றம். மனதில் இருக்கும் நம்பிக்கை நேரே போய் யாருக்கும் காய்ச்சலை வரவழைக்காது. நடுவில் ஒரு செயல் இருக்கிறது. தொடுகிறோம், குடிக்கிறோம், சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறோம், நோயை மறைக்கிறோம். அந்தச் செயலைக் கவனிக்காமல் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பதால்தான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது

நரம்புச்சிலந்தி நோயை எடுத்துக்கொள்வோம். குளத்து நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்த்தெள்ளு, புழுவின் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருக்கும். அந்த நீரைக் குடித்தவர் உடலில் புழு வளர்ந்து, ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, ஒரு மீட்டர் நீளம்வரைகூட இருக்கும் வெள்ளை நூல்போலக் காலில் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால், புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்த நீரிலேயே விட்டுவிடும்.

இந்தப் புழு பிறவியிலேயே உடலுக்குள் இருப்பது என்றோ, யாரோ ஏவிவிட்டது என்றோ பல ஊர்களில் நம்பினார்கள். கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் போன வருஷம் குடித்த தண்ணீருக்கும் இன்று காலில் எட்டிப்பார்க்கும் புழுவுக்கும் சம்பந்தம் இருப்பதை யார்தான் கண்டுபிடிப்பார்கள்? அதே குளத்தில் குடித்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை வேறு. கையில் இருந்த சாட்சியங்களை வைத்துப் பார்த்தால் அவர்கள் வந்த முடிவு அவ்வளவு மோசமானதில்லை. ஆகவே அங்கே பிரசங்கத்தைவிடக் கண்ணால் காட்டியது பலித்தது. குளத்து நீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கி நெளியும் தெள்ளுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார்கள். இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, புழுவைக் கொல்ல மருந்தும் கிடையாது. அப்படியிருந்தும் 1986இல் உலகம் முழுக்கச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023இல் 14 பேருக்குத்தான் வந்தது.

"அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்பது

ஒரு நோய் ஒரே குடும்பத்தில், ஒரே இனத்தில் திரும்பத் திரும்ப வந்தால் உடனே பரம்பரை என்று எழுதிவிடுகிறோம். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடையே 1950களில் குரு என்ற நோய் பரவியது. கைகால் நடுங்கும், நடை தள்ளாடும், பிறகு மரணம். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஊரார் சூனியம் என்றார்கள். ஆய்வாளர்களில் சிலர் மரபணுக் கோளாறு என்று கருதினார்கள். இரண்டுமே தவறு.

1960களின் தொடக்கத்தில் ஷெர்லி லிண்டன்பாம், ராபர்ட் கிளாஸ் என்ற இரு மானுடவியலாளர்கள் வீடு வீடாகப் போய் உறவுமுறைகளைக் கேட்டு எழுதினார்கள். முதல் குரு நோயாளியைப் பார்த்த நினைவு ஊர்ப் பெரியவர்களுக்கே இருந்தது. இவ்வளவு அண்மையில் முளைத்து இவ்வளவு வேகமாகப் பரவும் நோய் பரம்பரையாக இருக்க வாய்ப்பில்லை. இறந்த உறவினரின் உடலை உண்டு வழியனுப்புவது அங்கே அன்பின் அடையாளமாக இருந்தது. மூளையும் உள்ளுறுப்புகளும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போயின. ஆண்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டார்கள். யார் சாகிறார்கள் என்ற கணக்கும் யார் உண்கிறார்கள் என்ற கணக்கும் அச்சாகப் பொருந்தின. வழக்கம் நின்றது, அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. சிறுவயதில் உண்டவர்களில் சிலரை மட்டும் 50 ஆண்டுகள் கழித்தும் நோய் தேடி வந்தது.

இன்னொரு உதாரணம் இதயநோய். ஜப்பானில் இருந்த ஜப்பானியர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். கலிபோர்னியாவுக்குப் போனவர்களுக்கு அதைவிடக் கூடுதல். மூன்று இடத்திலும் ரத்தம் ஒன்றுதான், வாழ்க்கைதான் மாறியிருந்தது. மைக்கேல் மார்மட்டும் லியோனார்ட் சைமும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது. கலிபோர்னியாவிலேயே பழைய சமூகப் பிணைப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இதயநோய் ஜப்பான் அளவுக்கே குறைவாக இருந்தது. உணவு, புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. வாழ்க்கைமுறை என்றாலே தட்டில் இருப்பதையும் உடற்பயிற்சியையும் மட்டும் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். யாரோடு சேர்ந்து வாழ்கிறோம் என்பதும் வாழ்க்கைமுறைதான்.

வழக்கத்தை வேரோடு பிடுங்கப் பார்ப்பது

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது நடந்ததைப் போல இந்தத் தவறை விளக்கும் பாடம் வேறில்லை. எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் ஏராளமாக இருக்கும். கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளில் இறந்தவரைக் குளிப்பாட்டுவதும் தொட்டு விடைகொடுப்பதும் உறவினரின் கடமை. அந்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில் கினியில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 60 சதவீதம் பேருக்குத் தொற்று இறுதிச்சடங்குகளோடு தொடர்புடையது என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது.

ஆக, செயலில் ஆபத்து இருந்தது உண்மை. அதைத் தடுக்கப் போன விதம்தான் கோணல். முகம்கூடத் தெரியாத வெள்ளைக் கவச உடையில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். மருந்து தெளித்து, உடலைப் பையில் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியாத சம்பவங்களும் உண்டு. சடங்கு சரியாக நடக்காவிட்டால் இறந்தவர் அமைதியடைய மாட்டார், அந்தக் குறை இருப்பவர்களைப் பிடிக்கும் என்று நம்பும் ஒரு வீட்டில் என்ன செய்வார்கள்? நோயாளியை ஒளித்துவைத்தார்கள். இரவோடு இரவாகப் புதைத்தார்கள். பரவல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் வழிமுறை மாறியது. உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ மதத் தலைவர்களோடும் மானுடவியலாளர்களோடும் உட்கார்ந்து பேசி, பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்கத்துக்கான நெறிமுறையை வெளியிட்டது. உடலைத் தொடாமல் நீராட்டுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய சடங்கு, முஸ்லிம்களுக்கு வெள்ளைத் துணி, குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கவும் தொழவும் இடம், அடையாளம் வைத்த கல்லறை என்று பலவும் அதில் இருந்தன. கவச உடை அணியும் முன்பே குழுவினர் வந்து குடும்பத்திடம் துக்கம் விசாரிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முகத்தைக் காட்டிவிட்டுப் பிறகு உடையை மாட்டிக்கொள்வதற்கு ஒரு காசு செலவில்லை. சடங்கின் பொருள் அப்படியே இருந்தது, தொடுவது மட்டும் போயிற்று. அந்தத் தொற்று 2016இல் அடங்கும் முன் 11,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். இந்த நெறிமுறை முதல் நாளே இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லா நம்பிக்கைகளையும் ஒரே கட்டில் கட்டுவது

சில நம்பிக்கைகள் கெடுதல் செய்கின்றன: வெட்டிய தொப்புள்கொடியில் சாணமோ மண்ணோ பூசினால் சிசுவுக்கு டெட்டனஸ் வரும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சில எதுவும் செய்வதில்லை: கழுத்தில் கட்டிய தாயத்து தடுப்பூசியோடு சண்டைக்கு வருவதில்லை. சில நன்மையே செய்கின்றன: பிள்ளை பெற்றவளுக்குச் சில வாரம் ஓய்வு தரும் வழக்கம் ஓர் உதாரணம். முதல் வகையை மாற்றப் போனவர் தாயத்தைப் பார்த்து முகம் சுளித்தால், அன்றோடு அந்த வீட்டுக் கதவு சாத்தப்படும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிந்துவைத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

சந்தேகத்தை வதந்தி என்று மட்டும் பார்ப்பது

நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்திவைத்தது. மலட்டுத்தன்மை வரவழைக்கும் மருந்து கலந்திருக்கிறது என்ற பேச்சுதான் காரணம். அந்தப் பேச்சு பொய். ஆனால் அதே கானோவில் 1996இல், மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிய நேரத்தில், ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்தது. முறையாகப் பெற்றோர் ஒப்புதல் வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம்வரை போனது. சூடு கண்டவர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்? அறிவியல் அறிக்கைகளை அடுக்கியதால் மட்டும் தடை நீங்கிவிடவில்லை. உள்ளூர்த் தலைவர்களும் மதத் தலைவர்களும் பேச்சில் சேர்க்கப்பட்டார்கள், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்து வரவழைக்கப்பட்டது. 2004இல் சொட்டு மருந்து மீண்டும் தொடங்கியது. அதற்குள் நைஜீரியாவின் வைரஸ், போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம்பிக்கை நோயாளிக்கு மட்டும்தான் என்று எண்ணுவது

மருத்துவத்துக்கும் நம்பிக்கைகள் உண்டு, வெள்ளைக் கோட்டு போட்டிருப்பதால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறோம். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் மன அழுத்தமும் அமிலமும்தான் என்று பல தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள். பாக்டீரியா என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலை நம்ப ஆளில்லாமல், 1984இல் அவரே அந்தக் கிருமிக் கரைசலைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். உடன் ஆய்வு செய்த ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது 2005இல்.

இதைவிட வேதனையானது குழந்தைகளைத் தூங்கவைக்கும் கதை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கத்திய மருத்துவர்களே கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். தூக்கத்தில் திடீர் மரணம் ஏற்படும் ஆபத்தை அது கூட்டுகிறது என்று தெரிந்து, 1990களில் "மல்லாக்கப் படுக்கவையுங்கள்" என்று பிரசாரம் தொடங்கியதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்த மரணங்கள் மளமளவென்று குறைந்தன. குப்புறப் படுக்கவைக்கச் சொன்ன அறிவுரைக்குக் கீழ்ப்படிந்த பெற்றோரை யாரும் மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லவில்லை.

தாத்தா கணக்கு

"எங்க தாத்தா தினம் ஒரு கட்டு பீடி குடிச்சார், தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்." இருந்திருப்பார், மறுக்க வேண்டாம். ஐம்பத்தைந்தில் போன தாத்தாவைப் பற்றிப் பெருமை பேச ஆள் இருப்பதில்லை, அதனால் அந்தக் கணக்கு யார் காதுக்கும் வருவதில்லை. ஆனால் இதற்குப் பதில் சொல்கிறேன் என்று "நிறுத்தாவிட்டால் நீங்கள் செத்துப்போவீர்கள்" என்று ஒவ்வொருவரையும் மிரட்டுவதும் தவறான கணக்குத்தான். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1980களில் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். ஊர் முழுக்கச் சிறிய மாற்றம் செய்தால் மொத்த நோய் வெகுவாகக் குறையும், ஆனால் தனி ஒருவருக்குக் கிடைக்கும் பலன் கண்ணுக்கே தெரியாது. அதனால் தனி மனிதரை நச்சரிப்பதை விட்டுச் சூழலை மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஃபின்லாந்தின் வடக்கு கரேலியாவில் 1972இல் பெக்கா புஸ்காவின் குழு இதைத்தான் செய்தது. இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து சமையலை மாற்றினார்கள், பால் நிறுவனங்களையும் இறைச்சி நிறுவனங்களையும் கொழுப்பும் உப்பும் குறைந்த பொருள்களைத் தயாரிக்க வைத்தார்கள், வெண்ணெயை நம்பிப் பிழைத்தவர்களை பெர்ரி சாகுபடிக்குத் திருப்பினார்கள். சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

முடியாததை அறிவுரையாகச் சொல்வது

"தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்." சரி, விறகு? வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் விறகுக்கே தட்டுப்பாடு, காலராவோ வருடாவருடம் வந்தது. காலராக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளோடு ஒட்டிக்கொண்டு வாழ்வதை அறிந்த அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழு, வீட்டில் இருக்கும் சேலையைக் கையில் எடுத்தது. பானங்களைச் சேலைத் துணியில் வடிகட்டும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது. பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்தின் வாயில் கட்டினார்கள். இதற்குப் புதுச் சேலையைவிட நைந்த சேலைதான் மேல். துவைத்துத் துவைத்து நூல் இழைகள் பிரிந்து பரவுவதால் துணியின் கண்கள் சிறுத்து, கிருமியைச் சுமக்கும் உயிரிகள் மேலேயே தங்கிவிடுகின்றன. 2003இல் வெளியான முடிவின்படி, வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

ஐந்து ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் அதே பெண்களைத் தேடிப் போனார்கள். பொதுவாகச் சுகாதாரத் திட்டங்கள் இதைச் செய்வதே இல்லை. நிதி முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். கற்றுக்கொண்டவர்களில் 31 சதவீதம் பேர் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் வந்து கற்றுக்கொடுக்காத ஒப்பீட்டுக் கிராமங்களிலும் 26 சதவீதம் பேர் வடிகட்டினார்கள்.