க்ளோஸ் செட்டிங் இல்லை, பெசல்!

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு நான் கேட்டது எளிமையான ஒன்று. கல்லைச் சுற்றி மெல்லிய தங்க விளிம்பு, துருத்தும் கம்பி எதுவும் வேண்டாம். ஸ்வெட்டர் நூல் மாட்டக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்லத் தெரியாமல் நான்கு நாள் போனது.

முதல் கடையில் "மூடின மாதிரி" என்றேன். க்ளோஸ் செட்டிங் காட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் நான் கேட்டதேதான். திருப்பினால் கல்லின் அடிப்பக்கம் முழுக்கத் தங்கம், வெளிச்சம் புகவே வழியில்லை. சரி, அடுத்த கடையில் "ஓப்பன்" என்றேன். ஆறு கம்பி பிடித்த மோதிரம் வந்தது. 1886-ல் அமெரிக்க நகை நிறுவனம் டிஃபனி கொண்டுவந்த அதே பாணி. அழகுதான், ஆனால் எனக்கு வேண்டாதது. போனில் படம் காட்டியும் பயனில்லை, எல்லாம் மேலிருந்து எடுத்தவை.

அப்புறம்தான் புரிந்தது. க்ளோஸ், ஓப்பன் என்று கடையில் சொல்வது கல்லின் பின்பக்கத்தை. நான் பேசிக்கொண்டிருந்தது கல்லின் ஓரத்தை. இரண்டும் வேறு வேறு கேள்வி!

ஒரு துண்டுத்தாளில் மோதிரத்தைப் பக்கவாட்டில் வரைந்து பத்தரிடம் நீட்டினேன். "பெசல், பின்னாடி ஓப்பன். அப்படித்தானேம்மா?" என்றார். அதேதான். கல்லைச் சுற்றி வரும் விளிம்புக்குத்தான் பெசல் என்று பெயர். விளிம்பு தடித்தால் கல் சின்னதாகத் தெரியும் என்று அவரே எச்சரித்து, மெல்லியதாக வைத்துக் கொடுத்தார். இரண்டு பக்கம் மட்டும் விளிம்பு வேண்டுமென்றால் "ஹாஃப் பெசல்" என்று கேட்க வேண்டுமாம்.