பந்தியில் யார் அமரலாம்: திடப்படுத்தல் வகுப்பில் இந்த விவாதத்தைக் கற்பிக்கும் முறை

இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசக் கிண்ணமும் பகிரும் திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்று சீர்திருத்தச் சபைகளுக்குள் நடந்த நெடிய விவாதத்தை, திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டு உறுதிப்படுத்தும் சடங்குக்கு) ஆயத்தமாகும் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முனைகிறவர், பந்தி என்ற சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வளவு வீட்டுக் கல்யாணங்களில் இலை போட்டு வரிசையாக உட்கார வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். "இந்த இலையில் உட்காரச் சொல்லும் உரிமை அழைத்த வீட்டுக்காரருக்கா, பரிமாறுகிறவருக்கா?" என்று கேளுங்கள். பந்தி கர்த்தருடையது, ஆனால் அப்பத்தைக் கையில் கொடுப்பவர் ஆயர் என்பதால், விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியையே சுற்றி வருகிறது.

பிறகு 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை உரக்க வாசிக்கச் செய்து, 'அபாத்திரமாய்' என்ற சொல்லில் நிறுத்துங்கள். அது வினையைத் தழுவும் சொல்; உண்பவர் யார் என்பதைவிட, எப்படி உண்கிறார் என்பதையே அது சுட்டுகிறது. ஒருவன் பசித்திருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்த கொரிந்து விருந்தைப் பவுல் கண்டித்த இடம் அது. இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்வரை அவசரப்படாதீர்கள்.

வகுப்பின் பெரும்பகுதியை அமெரிக்காவின் நார்த்தாம்டன் சபைக்கு ஒதுக்குங்கள். அங்கு ஊழியம் செய்த சாலமன் ஸ்டாடர்டு, மனந்திரும்புதலுக்கே திருவிருந்து ஒரு வழியாகலாம் என்பதால், மறுபிறப்பின், அதாவது மனந்திரும்பி உள்ளத்தில் புதிதாய்ப் பிறந்ததின், நிச்சயம் இல்லாதவரும் வரலாம் என்றார். அவருக்குப்பின் அதே சபையில் நின்ற பேரன் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், இருபது ஆண்டுகள் பாட்டனாரின் வழக்கத்தையே பின்பற்றியபின், உள்ளார்ந்த விசுவாசத்தை அறிக்கையிடுவோருக்கே பந்தி என்று மாறினார். 1750இல் சபை அவரை நீக்கியது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் இவர்களில் ஒருவருக்காக வாதாடச் செய்து, பாதியில் பக்கம் மாற்றுங்கள். இருவருமே ஆத்துமாக்களுக்காக அஞ்சியவர்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஞானஸ்நானம் பற்றிய கருத்து வேறுபாடு பந்திக்குத் தடையாகாது என்று 1673இல் ஆங்கிலேயப் போதகர் ஜான் பனியன் எழுதியதையும், 1681இல் இன்னொரு ஆங்கிலேயப் போதகரான வில்லியம் கிஃபின் அதை மறுத்ததையும் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

கடைசியாக, தொலைவில் இல்லாத தஞ்சாவூருக்கு வாருங்கள். என் மனம் மிகவும் கனப்பது இங்கேதான். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்ததும், கிண்ணத்தை ஒருவர்பின் ஒருவர் வாங்குவதில் சாதி வரிசை பார்த்ததும் இந்த மண்ணில் நடந்தவை. சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். இதைச் சொல்லும்போது வெறுங்கிண்ணம் ஒன்றை மேசைமேல் வைத்து, "முதலில் யார் உதடு பட்டிருந்தால் அடுத்தவர் மறுத்திருப்பார்?" என்று கேளுங்கள். யாரும் வாய் திறக்காவிட்டால், நீங்களே பதில் சொல்லிவிடாமல் காத்திருங்கள்.