ஒட்ரான்டோ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோடை தொடங்கினால் போதும், தென் இத்தாலியின் லெச்சே நகரிலிருந்து கடலோர ஊரான ஒட்ரான்டோவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். திரும்பி வந்து அவர்கள் புலம்புவதும் வருடா வருடம் ஒரே புலம்பல்தான். தொப்பி, தண்ணீர் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் கோட்டைக்குள் நுழைவது

இதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஹோரஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' நாவல் ஞாபகம் வந்துவிடும். நேராகக் கோட்டைக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். வால்போல் அதை எழுதியபோது இங்கே ஒரு கோட்டை இருப்பதே அவருக்குத் தெரியாது. கதையை முடித்துவிட்டு, நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தின் வரைபடத்தில் ஓசை நன்றாக இருக்கும் பெயராகத் தேடி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்! இன்று நிற்கும் கோட்டையும் பெரும்பகுதி 1481-இல் ஒட்டோமான் துருக்கியப் படையிடமிருந்து ஊரை மீட்ட பிறகு எழுப்பியது. பாருங்கள், அகழியும் உருண்டைக் கொத்தளங்களும் அழகுதான். ஆனால் அதை வெயில் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முதலில் போக வேண்டியது ஊர்ப் பேராலயத்துக்கு; அது நண்பகலில் கதவைச் சாத்தினால், மறுபடி திறக்கப் பிற்பகல் ஆகிவிடும்.

போன கோடையில் ஒரு குடும்பத்திடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். காலை முழுக்கக் கோட்டையில் சுற்றிவிட்டு, சாத்திய கதவின் முன் நின்று முகப்பின் ரோஜா சாளரத்தைப் படம் எடுத்தார்கள். பிற்பகல் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்திருந்ததால் காத்திருக்கவும் முடியவில்லை. உள்ளே இருப்பதை அஞ்சலட்டையில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உள்ளே இருப்பது என்ன? தரை முழுக்க மொசைக், அதாவது சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியம். பந்தலியோனே என்ற துறவியின் மேற்பார்வையில் 1163-க்கும் 1165-க்கும் இடையில் பதித்தது. இரண்டு யானைகளின் முதுகில் ஒரு மரம் வாசலருகே முளைத்து, நடுக்கூடம் நெடுகப் பலிபீடத்தை நோக்கி வளர்கிறது. வாசலில் நின்றபடி அடிமரத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் இரண்டு கிரிபின்கள் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை மிருகங்கள்) தூக்கிக்கொண்டு பறக்கும் அலெக்சாந்தர், மறுபக்கம் பாபேல் கோபுரம். கொஞ்சம் மேலே நோவாவின் பேழை. அதற்கும் மேல் மாதத்துக்கு ஒரு வட்டமாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அந்த மாதத்து வேலையும் ராசியும். உச்சியை நெருங்கும்போது ஆதாம், ஏவாள். பக்கத்திலேயே கொம்பு வைத்த, ஆடு மாதிரியான ஒரு மிருகத்தின் மேல் பிரிட்டன் பழங்கதைகளின் ஆர்தர் மன்னர், தலைக்கு மேல் 'ரெக்ஸ் ஆர்துருஸ்' என்று பெயரும் எழுதி. அவர் இங்கே எதற்கு வந்தார் என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நேராகப் பலிபீடத்துக்கு ஓடி அங்கிருந்து குனிந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். வாசலிலிருந்து மெதுவாகப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்புவது

நம்பாதீர்கள்.

பேராலயத்தின் வலப்பக்கச் சிற்றாலயத்துக்குள் குழந்தைகளைச் சொல்லாமல் கூட்டிப்போவது

பலிபீடத்தின் பின்னால் கண்ணாடிப் பேழைகளில் மண்டை ஓடுகளும் எலும்புகளும் அடுக்கியிருக்கும். 1480 ஆகஸ்டில், நகரம் ஒட்டோமான் படையிடம் விழுந்த சில நாட்களில் மினெர்வா குன்றில் தலை வெட்டப்பட்டவர்கள். மரபுப்படி 813 பேர். மதம் மாற மறுத்ததால் என்கிறது திருச்சபை; காரணம் அது மட்டும்தானா என்று கேட்கும் வரலாற்றாளர்களும் உண்டு. போப் பிரான்சிஸ் 2013-இல் இவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், அது வழிபாட்டு இடம், செல்ஃபி வேண்டாம்.

கையில்லாத சட்டை, அரைக்கால் டவுசர்

பேராலய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

சான் பியெத்ரோவைத் தவறவிடுவது

சந்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கோயில், நார்மன்கள் வருமுன் இந்த ஊர் கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசின் கையில் இருந்த காலத்து அமைப்பு. உள்ளே சுவரோவியங்கள், கிரேக்க எழுத்துகளோடு. வெளிச்சம் குறைவு, கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். பூட்டியிருந்தால் கோட்டையைப் பார்த்துவிட்டு மாலையில் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

பலாஷியா முனைக்குப் பொடிநடையாகக் கிளம்புவது

இத்தாலி நிலப்பரப்பின் கிழக்குக் கோடி அது. ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வழியில் நிழல் கிடையாது. கார் வேண்டும்.