பழைய அலுமினியப் படகும் டிரெய்லரும்: பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

பழைய அலுமினியப் படகு கைக்கு வந்ததும் முதலில் மனசு போவது பெயின்ட் மேல்தான். அதைக் கடைசி வேலையாக ஒதுக்கி வையுங்கள். பெயின்ட் ஒழுக்கை அடைக்காது, உளுத்த பலகைக்கு உயிர் கொடுக்காது. டிரெய்லர், ஒழுக்கு, பின்பலகை, மிதவை நுரை, பிறகு பெயின்ட் என்ற வரிசையில் போனால் ஒரு வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வராது. மற்ற வேலைகள் பெரும்பாலும் படகு டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கும் என்பதால் டிரெய்லருக்கு முதலிடம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். அலுமினியத்தை வெறும் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கெடுத்துவிடாது. காற்றுப் பட்டதும் அதன்மேல் தானாகவே ஓர் ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. கெடுப்பது வேற்று உலோகம். செம்பு, பித்தளை, இரும்பு இவற்றில் ஒன்று ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அந்த இடம் ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், அரிபடுவது அலுமினியம்தான். உப்புத் தண்ணீரில் இது இன்னும் வேகம். கீழே எத்தனையோ இடத்தில் "செம்பு வேண்டாம்" என்று வரும், காரணம் இதுதான்.

டிரெய்லர்

சட்டம் முழுவதையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும், சில சமயம் சுத்தியலே உள்ளே போய்விடும். குழாய் வடிவச் சட்டம் உள்பக்கமிருந்துதான் துருப்பிடிக்கும், அதனால் அடிப்பக்கத்தையும் வெல்டிங் மூலைகளையும் விடாதீர்கள். ஓட்டை விழுந்த சட்டத்தை வெல்டரிடம் கொண்டு போங்கள். கால்வனைஸ் செய்த சட்டம் என்றால் வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். மேலோட்டத் துருவுக்குக் கம்பிப் பிரஷ், அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர் போதும்.

அடுத்தது பேரிங். முதல்முறை செய்பவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மறுபக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, மூடியைத் தட்டி எடுத்து, காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் வளைத்த கம்பி), நட், வாஷர், வெளிப்பேரிங், ஹப் (சக்கரம் மாட்டும் நடுக்குடம்) என்று வரிசையாக வெளியே எடுங்கள். உள்பேரிங்கும் ஆயில் சீலும் ஹப்போடு வரும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் காய விடுங்கள். காற்றுக் குழாயை வைத்து பேரிங்கைச் சுழற்றிக் காயவைக்காதீர்கள், உருளை தெறித்து அடிக்கும்.

பேரிங்கின் உருளையிலோ, ஹப்புக்குள் அழுத்தியிருக்கும் கப்பிலோ குழி, நீலம் பாய்ந்த நிறம், நகத்தில் தட்டுப்படும் கோடு ஏதாவது இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங் போட்டால் சீக்கிரமே இரண்டும் போகும். புதுக் கப்பை உள்ளே இறக்கப் பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டலாம். அடி விழுவது பழையதன் மேல், புதியது கீறாமல் இறங்கும். அடியில் போய் உட்காரும்போது சுத்தியலின் சத்தம் மாறும், அதோடு நிறுத்துங்கள்.

கிரீஸ், தண்ணீருக்குத் தாங்கும் மரைன் கிரீஸாக இருக்கட்டும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலக்காதீர்கள், சில வகைகள் கலந்தால் இளகி வழிந்துவிடும். உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி இழுங்கள். மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்க வேண்டும். சுற்றிலும் அப்படி வரும்வரை திருப்பித் திருப்பி அழுத்துங்கள். வெளியே பூசினால் மட்டும் போதாது. உள்பேரிங்கை வைத்த பிறகுதான் சீல். சீலை உட்காரவைத்துவிட்டு மேஜையில் பேரிங்கைப் பார்த்துத் தலையில் கைவைப்பது ரொம்ப சகஜம், சீலைப் பிடுங்கினால் அது வீண். சீலின் ஸ்பிரிங் பக்கம் உள்நோக்கி, பேரிங்கைப் பார்த்து இருக்கட்டும். மேலே தட்டையான கட்டை வைத்துச் சமமாகத் தட்டுங்கள்.

இனி நட். ஒரு கையால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்குங்கள். சுற்றுவது கனக்கத் தொடங்கியதும் நிறுத்தி, முழுக்கத் தளர்த்தி, வெறும் விரலால் மட்டும் மறுபடி முறுக்குங்கள். காட்டர் பின் துளை நேராக வரவில்லையா? துளை வரும்வரை தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவில், கையில் மட்டும் ஒரு "டிக்" போல உணர வேண்டும். "நன்றாக இறுக்கினால்தான் பத்திரம்" என்ற நினைப்பால்தான் பல பேரிங்குகள் எரிகின்றன. 15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுக்கம், அல்லது கிரீஸ் குறைவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கக் குறியீடு இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் விரிசல் விட்ட பழைய டயரில் ஏறாதீர்கள். படகு டிரெய்லரின் டயர் தேய்வதைவிட வெயிலில் நின்று வயதாவதுதான் அதிகம்.

படகு உட்காரும் கட்டைகளுக்கு மேல்துணி மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி போடுங்கள். பச்சை நிற மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு இருக்கும், அது அலுமினிய அடிப்பாகத்தோடு ஒட்டி ஈரத்தில் கிடக்கக் கூடாது.

ஒழுக்கு

ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தறையாணி) அடித்த படகில் ஒழுக்கைக் கண்டுபிடிக்கத் தண்ணீரை வெளியே தேட வேண்டாம், உள்ளே ஊற்றுங்கள். வடிகால் அடைப்பைப் போட்டு, ரிவெட் வரிசை மூழ்கும் அளவுக்கு மட்டும். 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. ஊற்றினாலே 360 லிட்டர், அதாவது 360 கிலோ. கட்டைகள் உளுத்திருந்தால் டிரெய்லர் அந்தக் கனத்தைத் தாங்காது. டிரெய்லரை முதலில் முடிக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

அடியில் படுத்து, துணியால் முழுக்கத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். சொட்டு விழும் இடம் ஒழுகும் இடமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் தகட்டோடு ஒட்டி வழிந்து ஒரு அடி தள்ளிப்போய்ச் சொட்டும். ஈரக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, அது தொடங்கும் ரிவெட்டைச் சுற்றி மார்க்கரால் வட்டமிடுங்கள். மறுபடி துடைத்து, மறுபடி பார்த்து உறுதி செய்யுங்கள்.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ரிவெட் தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே வாலை மற்றவர் சிறு சுத்தியலால் நாலைந்து தட்டு தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு நெளிந்து பக்கத்து ரிவெட்டும் தளரும். இறுக மறுப்பதைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். இரண்டு பக்கமும் கை எட்டினால் முழு ரிவெட், எட்டாவிட்டால் முனை மூடிய பாப் ரிவெட். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவே துளை உண்டு, அது வழியாகத் தண்ணீர் வரும். ரிவெட்டை பாலியூரித்தேன் சீலன்ட்டில் முக்கியே செருகுங்கள்.

சிலிக்கானைப் படகுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டு வராதீர்கள். ஒட்டியது உரிந்துவிடும், ஆனால் அதன் மிச்சத்தின் மேல் பிரைமரோ வேறு சீலன்ட்டோ பிடிக்காது. விரிசல் விட்ட தகட்டை வெல்டிங்குக்குக் கொடுங்கள். விரிசலின் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டு அது ஓடாமல் நிறுத்தி எடுத்துப் போவது நல்லது.

பின்பலகை

என்ஜின் தொங்கும் பின்சுவருக்குள் இருக்கும் பிளைவுட்டைத் திருகுளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். பழையதைத் துண்டாக்காமல் எடுக்க முயலுங்கள், அதுதான் புதியதற்கு அளவு. அதன் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்சியால் ஒட்டினால் 36 மி.மீ. வரும். மருந்தேற்றிய பிளைவுட் நீடிக்கும் என்று வாங்கிப் போடுபவர்கள் உண்டு. பலகை நீடிக்கும்தான், அதிலிருக்கும் செம்பு சுற்றியிருக்கும் தகட்டைத் தின்றுவிடும்.

எபாக்சியை மூன்று முறை பூசுங்கள். வெட்டிய விளிம்புகள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அவை குடிப்பதை நிறுத்தும்வரை கொடுங்கள். உளுப்பு தொடங்குவது போல்ட் துளைகளில். 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளை போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் 10 மி.மீ. துளையுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர், மேலே சீலன்ட்.

மிதவை நுரை

படகில் தண்ணீர் நிறைந்தாலும் அதை மூழ்கவிடாமல் தாங்குவது இருக்கைக்கு அடியில் இருக்கும் நுரை. அதில் ஒரு துண்டு வெட்டிப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் அத்தனையும் வெளியே போகட்டும். எடுத்த அளவுக்குக் குறையாமல் திரும்ப வையுங்கள், "இடம் கிடைக்குமே" என்று காலியாக விட்டுவிடாதீர்கள். 120 கிலோ அலுமினியம் நீருக்குள் மூழ்கினால் சுமார் 75 கிலோ கனக்கும். 40 கிலோ என்ஜினையும் கிட்டத்தட்ட முழுதாகவே கணக்கில் எடுங்கள். 0.1 கன மீட்டர் நுரை 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். ஆட்கள் பிடித்துத் தொங்கவும் மிச்சம் வேண்டும்.

பெயின்ட்

பழைய பெயின்ட்டுக்கடியில் மஞ்சள்-பச்சை பிரைமர் தெரிந்தால் அதில் குரோமேட் இருக்கலாம், நச்சு. உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு, முகமூடியோடு தேய்த்து, கழிவைத் தனியே சேகரியுங்கள். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180-இல் முடிக்கலாம். இரும்புக் கம்பிப் பிரஷ்ஷும் இரும்புக் கம்பளியும் வேண்டாம், அவற்றின் துகள் தகட்டில் பதிந்து அரிப்புக்கு வித்தாகும்.

தேய்த்த பின் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். முதல் துணி கருப்பாக வரும், அடுத்தது சாம்பல். துணி வெள்ளையாகவே வரும்வரை துணி மாற்றித் துடையுங்கள். அப்புறம் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாக விரிந்து நின்றால் தகடு தயார். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது, துடைப்பு மறுபடி முதலிலிருந்து. உரியும் பெயின்ட் பெரும்பாலும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் அடித்ததுதான்.

நன்றாக உலர்ந்ததும் அதே நாளிலேயே அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு). தாமதித்தால் ஆக்சைடு தடித்துவிடும். பிரைமருக்கு மேல் எந்தப் பெயின்ட் ஏறும் என்பதை டப்பாவில் பார்த்து, ஒரே நிறுவனத்தின் வரிசையாக வாங்குங்கள். தொடங்குபவர்களுக்கு ரோலரால் அடிக்கும் ஒரு பாக மரைன் எனாமல் போதும். இரண்டு பாக பாலியூரித்தேனின் பளபளப்பு அழகுதான், ஆனால் அதன் கடினமாக்கியில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் உண்டு, ஸ்பிரே அடிக்கச் சாதாரண முகமூடி போதாது. பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட் அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. டிரெய்லரில் நிற்கும் படகுக்கு அது தேவையும் இல்லை.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று விஷயங்கள்.

டிரெய்லர் விளக்கு மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னுகிறது என்றால் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், எர்த்தைப் பாருங்கள். துருப்பிடித்த சட்டத்தின் வழியே எர்த் எடுப்பதை விட்டு, ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் இழுங்கள்.

இருக்கைக்கடியில் வெள்ளை தெர்மாகோல் வைக்கலாமா என்றால், பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும். நீல, இளஞ்சிவப்பு நிற அட்டை நுரைக்கும் அதே கதிதான், ஆனால் அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் மட்டும் ஊற்றி உப்ப வைக்கும் பாலியூரித்தேன் நுரை போடுங்கள்.

புது பேரிங் போட்டும் ஹப்புக்குள் தண்ணீர் போகிறது என்பவர்கள், நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். படகில் சாமான் ஏற்றி, கயிறு கட்டி, வடிகால் அடைப்பைச் சரிபார்க்கும் அந்த அரை மணி நேரம் ஹப் ஆறட்டும்.