புயல் அடித்த மலைத்தடத்தில் ஓடுவது எப்படி: விழுந்த மரத்தைச் சுற்றிப் போய்ப் பாதைக்குத் திரும்பும் வழி

புயல் கடந்த மலைத்தடத்தில் ஓடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி. ஷூ முக்கியம்தான், கீழே சொல்கிறேன். ஆனால் ஆளைத் திணறடிப்பது வேறொன்று. மரம் விழுந்து பாதையை மறித்திருக்கும், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவோம், அங்கே பாதையைக் காணோம். என்னை அதிகம் அலையவிட்டதும் இந்த இடம்தான். அதனால் இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அந்த ஒரு படிக்கே போகிறது. வார்ம்-அப், மூச்சு, இறக்கத்தில் எட்டு வைப்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

மூடியிருந்தால் போகாதீர்கள். உள்ளே ரம்பத்தோடு ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்தால், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்த்தட்டு சட்டென்று பின்னால் சாய்ந்து பழைய குழியில் உட்காரும். அந்தக் குழியில் நிற்கிற ஆளுக்குத் தப்ப நேரம் இருக்காது.

திறந்திருக்கிறது என்று சொன்னாலும் வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தைத் தாக்கியபோது, நோலிச்சக்கி ஆற்றின் மேல் தடம் கடக்கும் பாலமே அடித்துக்கொண்டு போனது. போனில் பல மாதங்களுக்கு முன்பு இறக்கி வைத்த வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியாது. கிளம்பும் அன்று தடத்தைப் பராமரிக்கிறவர்களின் அறிவிப்பைப் பாருங்கள், ஓடியவர்கள் போட்ட நேரக்கணக்கை அல்ல.

காற்றையும் பாருங்கள். மழை நின்று வெயில் அடித்தாலும் காற்று பலமாக இருந்தால் இன்னொரு நாள் போகலாம். கூட்டமாக நின்ற மரங்களில் ஒரு பகுதி விழுந்ததும், அதுவரை நடுவில் மறைந்து நின்ற மரங்கள் திடீரென்று ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. அவற்றின் வேர் அந்தக் காற்றுக்குப் பழகியதில்லை, கீழே மண்ணும் ஊறிப் போயிருக்கும். 2021 நவம்பரில் பிரிட்டனில் ஆர்வென் புயல் அத்தனை மரங்களைச் சாய்த்ததற்கு ஒரு காரணம், வழக்கமான தென்மேற்குக்குப் பதில் வடக்கு, வடகிழக்கிலிருந்து அது வீசியது. மரம் தான் பழகிய காற்றுக்குத்தான் வேர் விட்டிருக்கும்.

படி 2: தூரத்தை மறந்துவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். நடப்பவர்களுக்கான கணக்கு இது, நல்ல தடத்தில் ஓடுகிறவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். புயல் அடித்த தடத்தில் நான் இதையே ஓட்டத்தின் நேரமாக எடுத்துக்கொள்கிறேன். 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 24 நிமிடம். வழக்கமாக நீங்கள் இதை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவராக இருக்கலாம், பரவாயில்லை.

திரும்பும் நேரத்தையும் கிளம்பும் முன்பே முடிவு செய்து யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அந்த நேரம் வந்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

படி 3: என்ன எடுத்துக்கொள்வது

ஷூ: அடிப்புறப் பற்கள் குறைந்தது 5 மில்லிமீட்டர் இருக்கட்டும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருக்கட்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு வழுவழுப்பாகிவிடும். நீர்புகாத சவ்வு வைத்த ஷூ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓடையில் இறங்கினால் தண்ணீர் மேல்வழியாக உள்ளே போகும், பிறகு வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். வலைத்துணி ஷூ நனையும், ஆனால் ஓட ஓட வடிந்துவிடும்.

கையுறை: இதைப் பலர் நினைப்பதே இல்லை. விலை உயர்ந்த ஓட்டக் கையுறை வேண்டாம். தோட்ட வேலைக்குப் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறைதான் எனக்குப் பிடித்தது. முறிந்த கிளைகளைப் பிடித்து ஏறுகிற இடத்தில் மெல்லிய கையுறை கிழிந்துவிடும். கால்களுக்கு முழுநீள டைட்ஸ்.

ஊன்றுகோல்: ஒன்று போதும், மற்றக் கை மரத்தைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு வாரை மாட்டாதீர்கள். கோல் கிளைகளுக்குள் சிக்கினால் உடனே விட முடிய வேண்டும்.

உடை: ஓடும் உடம்புக்கு ஏற்ப உடுத்தாமல், நின்றுவிட்ட உடம்புக்கு ஏற்ப எடுத்துச் செல்லுங்கள். மரங்களுக்கிடையே தடவித் தடவிப் போகும்போது ஓட்டத்தின் சூடு நின்றுவிடும், வியர்த்த சட்டை மட்டும் ஈரமாக இருக்கும். 2021 மே மாதம் சீனாவின் பையின் பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், திடீரென்று மாறிய குளிரிலும் காற்றிலும் 21 பேர் இறந்தார்கள். அனுபவம் மிக்க ஓட்டக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். மழைக்கோட்டு, உலர்ந்த ஒரு மேல்சட்டை, அலுமினியப் போர்வை மூன்றும் பையில் இருக்கட்டும். போர்வையை விட ஆள் உள்ளே நுழையும் பை மாதிரியான வகை மேல். காற்றில் போர்வையைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாடு.

ஹெட்லேம்ப் பகலிலும் வேண்டும், விசிலும் வேண்டும். ஐரோப்பிய மலைகளில் உதவி கேட்க ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவார்கள். வட அமெரிக்காவில் 3 முறை. போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். ஜி.பி.எஸ். வேலை செய்யும், பேட்டரி மிஞ்சும்.

படி 4: மரம் மறிக்கும் இடம்

முதலில் நில்லுங்கள், மேலே பாருங்கள். கீழே கிடக்கும் மரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். முறிந்து இன்னொரு மரத்தில் தொங்கும் கிளையை யாரும் பார்ப்பதில்லை. அதன் அடியில் நின்று யோசிக்கக் கூடாது, பத்தடி பின்னால் போய் யோசியுங்கள்.

ஒற்றை மரம் என்றால் தாண்டிவிடலாம். மேலே ஏறி நின்று குதிக்காதீர்கள், ஈரத்தில் பட்டை அப்படியே உரிந்து வழுக்கும். உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக மறுபக்கம் போடுங்கள். அடியில் ஊர்ந்து போவது எனக்குப் பிடிக்காத வழி. பெரிய மரத்தின் கீழ் வில்லாக வளைந்து மாட்டிக்கொண்டிருக்கும் இளமரத்தைத் தொடவே கூடாது. மிதித்தால் போதும், தெறித்து எழும்.

பல மரங்கள் பின்னிக் கிடந்தால் சுற்றித்தான் போக வேண்டும். சரிவில் எப்போதும் மேட்டுப்பக்கமாகச் சுற்றுங்கள். கட்டை உருண்டால் பள்ளத்துக்குத்தான் உருளும், மேலிருந்து பார்த்தால் பாதையும் தெரியும். வேர்த்தட்டிலிருந்து நன்றாக விலகியே போங்கள்.

இனி அந்தத் திணறல். பாதையை விட்டு விலகும் முன் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, அந்த இடத்தை ஜி.பி.எஸ். வாட்ச்சில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, பாதை போகும் திசையைத் திசைகாட்டியில் பாருங்கள். மூன்று, அடுத்த 100 மீட்டரில் பாதை வளைகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நேராகச் சுற்றி வந்து நிற்போம், பாதையோ நடுவிலேயே திரும்பிப் போயிருக்கும்.

பாதை நேராகப் போகிறது என்றால் பெட்டிச் சுற்று எளிது. செங்குத்தாக மேட்டுப்பக்கம் திரும்பி, இடது கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டே ஏறுங்கள். மரங்கள் முடிந்ததும் பாதையின் திசையிலேயே திரும்பி அவற்றைக் கடந்து போங்கள். பிறகு பள்ளத்துப்பக்கம் திரும்பி, ஏறிய அதே எண்ணிக்கைக்கு இறங்குங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறும்போது எட்டு சின்னது, இறங்கும்போது பெரியது. ஏறும்போது 30 எண்ணினால் இறங்கும்போது 30 முடிவதற்குள் பாதையைத் தாண்டிவிடுவீர்கள். பாதிக்கு மேல் வந்ததுமே ஒவ்வொரு எட்டுக்கும் கீழே பார்க்கத் தொடங்குங்கள்.

எதைத் தேடுவது? இலையும் கிளையும் மூடிய இடத்தில் பாதையின் நிறம் தெரியாது. ஆனால் சரிவை வெட்டிப் போட்ட அந்தச் சமதளம் அப்படியேதான் இருக்கும், காலுக்குத் தெரியும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும். பழைய ரம்ப வெட்டுகள், ஓரத்தில் அடுக்கிய கற்களும் அடையாளம்தான். மூன்று பொய் அடையாளங்களை மட்டும் நம்பாதீர்கள். பாதையைக் காட்ட மரத்தில் பூசிய வண்ணக்குறி, விழுந்த மரத்தோடு சேர்ந்து இடம் மாறியிருக்கும். புயல் நீர் அரித்த வாய்க்கால் பாதை போலவே தோன்றும், ஆனால் அது சரிவில் நேராகக் கீழே போகும். கடைசியாக, காலடித்தடம். உங்களுக்கு முன்னால் வந்தவரும் இதே இடத்தில்தான் தொலைந்திருப்பார்.

வாட்ச்சும் இங்கே அவ்வளவு உதவாது. பாதை அரை மீட்டர் அகலம், மரங்களின் கீழ் ஜி.பி.எஸ். பிழை பத்து மீட்டரைத் தாண்டலாம். தடத்தில் இருக்கிறீர்கள் என்று அது சொல்லும்போது நீங்கள் முட்புதருக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள்.

எண்ணிக்கை முடிந்தும் பாதை கிடைக்கவில்லையா? கீழே இறங்கித் தேடாதீர்கள். வந்த வழியே விழுந்த மரத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: மண்ணும் தண்ணீரும்

பாதையின் வெளிவிளிம்பில் ஓடாதீர்கள், அடியில் மண் கரைந்து மேல்தோல் மட்டும் நிற்கலாம். உட்பக்கமே பாதுகாப்பு, சந்தேகம் வந்தால் கோலால் குத்திப் பாருங்கள். பாதையில் பிறை வடிவில் புது விரிசல் தெரிந்தால் அந்தச் சரிவு நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தாண்டிப் போகாமல் திரும்பிவிடுங்கள்.

ஓடையில் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலைத் தொடும் வேகமான நீரில் நான் இறங்குவதில்லை. சிறிய மலை ஓடைகள் ஏறிய வேகத்தில் வடியவும் செய்யும், மழை நின்று சில மணி நேரம் காத்திருப்பதே பல நேரம் போதும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். மேலே மரமும் மண்ணும் அணை போட்டிருக்கலாம், அது உடையும். உடனே ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறுங்கள். இறங்கியே ஆக வேண்டும் என்றால் அகலமான, ஆழமற்ற இடமாகப் பார்த்து, ஷூவோடு, பையின் மார்பு வாரைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள்.

பின்சேர்க்கை: கொண்டை ஊசி வளைவுகள்

இதைப் படித்துவிட்டு ஓடியவர்கள் சிலர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள். மேட்டுப்பக்கம் சுற்றினோம், பாதை கிடைத்தது, ஓடினோம், கொஞ்ச நேரத்தில் அதே விழுந்த மரத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று. வளைந்து வளைந்து ஏறும் தடத்தில் இது நடக்கும். நீங்கள் மேலே ஏறிக் கண்டுபிடித்தது அதே பாதையின் அடுத்த மடிப்பு. இரண்டு மடிப்புகளும் ஜி.பி.எஸ். பிழைக்குள்ளேயே இருப்பதால் வாட்ச் எச்சரிக்காது.

சோதிக்க எளிய வழி உண்டு. மரத்துக்கு வரும் முன் பள்ளம் எந்தக் கைப்பக்கம் இருந்தது, பாதை ஏறிக்கொண்டிருந்ததா என்று நினைவில் வையுங்கள். சுற்றி வந்த பிறகு பள்ளம் அதே பக்கம் இருந்து பாதையும் ஏறினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். பள்ளம் எதிர்ப்பக்கம் மாறி, பாதை ஏறினால் அடுத்த மடிப்பில் சரியான திசையில்தான் போகிறீர்கள், ஒரு வளைவு மிச்சம். பள்ளம் அதே பக்கம் இருக்கிறது, ஆனால் பாதை இறங்குகிறது என்றால் அடுத்த மடிப்பில் தலைகீழாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயே திரும்புங்கள்.

திசைகாட்டி இல்லாமல் முடியாதா என்றும் கேட்டிருந்தார்கள். ஒரே புயலில் விழுந்த மரங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கும், அதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். குறுகிய பள்ளத்தாக்கில் காற்று சுழன்று அடித்திருக்கும், அங்கே இது பலிக்காது. விரல் அளவு திசைகாட்டியின் எடை ஒன்றுமே இல்லை, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன்: அறுந்து கிடக்கும் மின்கம்பி. அருகில் போகாதீர்கள், அதைத் தொடும் கம்பிவேலியிலும் மின்சாரம் இருக்கலாம். வந்த வழியே திரும்பிப் போய் மின்வாரியத்துக்கோ அவசர எண்ணுக்கோ சொல்லுங்கள்.