ஒரே லேப்டாப்பில் மின்சுற்றுப் பாடம் நடத்துவது எப்படி?

ஏழாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை நான் ஆறு வருடமாக ஃபெட் (PhET) சிமுலேஷனை, அதாவது கம்ப்யூட்டர் திரையிலேயே செய்துபார்க்கும் மாதிரிப் பரிசோதனையை வைத்துத்தான் நடத்துகிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. முழுக்க இலவசம். தமிழில் மொழிபெயர்த்தவையும் இருக்கின்றன. எங்கள் பள்ளியில் ஒரு லேப்டாப், ஒரு புராஜெக்டர், தனக்குத் தோன்றினால் மட்டும் வரும் இன்டர்நெட். அதுவே போதும்.

முதல் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஃபெட் தளத்தில் டிசி மின்சுற்று (பேட்டரியில் ஓடும் நேர்மின்னோட்டச் சுற்று) அமைக்கும் சிமுலேஷனைத் தேடி டவுன்லோட் செய்தால் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைலாக இறங்கும். பென்டிரைவில் கொண்டுபோய் குரோமில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும்.

வகுப்பில் திரையை உடனே காட்டாதீர்கள். குழுவுக்கு ஒரு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர் கொடுத்து, பல்பை எரியவைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் செல்லின் ஒரு முனையை மட்டும் தொட்டுவிட்டு, "செல்லு தீர்ந்துபோச்சு டீச்சர்" என்பார்கள். பத்து நிமிடம் தவிக்கட்டும். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்.

அப்புறம் திரை. 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் மின்தடை உள்ள பல்பு, நடுவில் ஒரு சுவிட்ச். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைச் சேர்த்தால் 0.9 ஆம்பியர் காட்டும். இன்னொரு பல்பைத் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில்) இணைப்பதற்கு முன் நிறுத்துங்கள். "எந்த பல்பு அதிகமாக எரியும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் பதிலை எழுதிய பிறகே மவுஸைத் தொடுங்கள். இந்த ஒரு படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்; எழுதாத பிள்ளை வேடிக்கை பார்க்கும், எழுதிய பிள்ளை திரையோடு சண்டை போடும். என் வகுப்பில் பெரும்பாலோர், பேட்டரிக்குப் பக்கத்து பல்பு என்றே எழுதுவார்கள். முதல் பல்பு மின்சாரத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்பும் என்பது அவர்கள் கணக்கு.

இணைத்தால் இரண்டும் ஒரே அளவாக மங்கி எரியும். அம்மீட்டரை எங்கே வைத்தாலும் 0.45. சுவிட்சைத் திறந்து மூடி, நீல உருண்டைகளாகத் தெரியும் எலக்ட்ரான்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுற்று முழுவதும் ஒன்றாகவே கிளம்பும். போன வருடம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சைக்கிள் செயின் மாதிரி டீச்சர், ஒரு கண்ணி நகர்ந்தா எல்லாம் நகருது" என்றான். அதற்குப் பிறகு நானும் அப்படியே சொல்லித்தருகிறேன்.

ஒவ்வொரு பல்பையும் தனிப் பாதையில் பேட்டரியோடு சேர்க்கும் பக்க இணைப்புக்கும் அதே முறைதான்: முதலில் எழுதட்டும், பிறகு இணையுங்கள். ஒவ்வொரு பல்பிலும் 0.9, மொத்தம் 1.8. வீட்டில் ஃபேனை நிறுத்தினால் லைட் ஏன் அணைவதில்லை என்ற பேச்சு தானாக வரும்.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்: வீட்டில் பிளக் பாயின்ட் பக்கம் போகவே கூடாது, டார்ச் செல்லைக்கூட நேராக ஒயரால் இணைத்துப் பிடித்திருக்கக் கூடாது, சுடும்.

திரையில் இருக்கும் பேட்டரி தீர்வதே இல்லை. நிஜ செல் தீரும். அதனால் பாடம் முடிந்ததும் செல்லையும் பல்பையும் மறுபடி கையில் கொடுங்கள். இந்தமுறை இரண்டு குழுக்களைச் சேர்த்துவிட்டால், இரண்டு பல்பு கிடைக்கும்.